ரோட்டுல காயுற சோளம்... 'டெம்ப்'புல போன ஃபைல்!

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரம்பலூர் பக்கம் பூலாம்பாடி. எங்க வெங்காயக் காட்டுல மண்ணோட ஈரத்தை அளக்கிற சென்சார்தான் என் மினி புராஜெக்ட். ஆறு நாள் ரீடிங் அக்காவோட பழைய லேப்டாப்பில் சேர்ந்திருந்தது. ஏழாம் நாள் கரண்ட் கட். பேட்டரி எப்பவோ செத்துப்போன மெஷின், பொசுக்குன்னு அணைஞ்சுது. திரும்ப ஆன் பண்ணினா... ஃபைலையே காணோம்!

வைரஸா? ஹார்டு டிஸ்க் அவுட்டா? ரெண்டும் இல்லை. மாதிரி புரோகிராமை அப்படியே காப்பியடிச்சு, ரீடிங்கை லினக்ஸோட 'டெம்ப்' டைரக்டரியில் எழுத வெச்சது நான்தான். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "ரோட்டுல காயப் போட்ட சோளத்தைச் சாயங்காலம் அள்ளலைன்னா யாரும்மா பொறுப்பு?"

அட, 'டெம்ப்' அதேதான்! எல்லாருக்கும் பொது. 'ஸ்டிக்கி பிட்' இருப்பதால், உங்க ஃபைலை இன்னொரு சாதாரண யூஸர் அழிக்க முடியாது. ஆனா ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும்னு நம்பக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 'டெம்ப்' இருப்பது ஹார்டு டிஸ்க்கிலேயே இல்லை, ராமில்! ஃபெடோரா 2013-லேயே இதுக்கு மாறிடுச்சு. வேகம் சூப்பர். ஆனா பெரிய வீடியோவைக் கொட்டினா பழைய லேப்டாப்புக்கு மூச்சு முட்டும். உங்க மெஷினில் எப்படி? 'டி.எஃப்.' கட்டளை கொடுங்க. டெம்ப் இருக்கிற வரியில் 'டெம்ப்எஃப்எஸ்'னு வந்தா, அது ராம்தான்.

சரி, வெங்காயத்துக்குப் பட்டறை போடுற மாதிரி இடம் இல்லையா? இருக்கு. 'வார்' டைரக்டரிக்குள்ள இன்னொரு 'டெம்ப்'. ரீபூட் ஆனாலும் அதிலிருப்பதை அழிக்கக் கூடாதுங்கிறது விதி. ஆனா பல சிஸ்டங்களில் 30 நாள் தொடாத ஃபைலைக் கூட்டிப் பெருக்கிடும். பட்டறையும் வீடு இல்லையே!

அதனால ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: 'தொலைஞ்சா திரும்ப உருவாக்க முடியுமா?' முடியும், ஃபைலும் சின்னதுன்னா 'டெம்ப்'. பெருசு, ரீபூட்டைத் தாண்டியும் வேணும்னா 'வார் டெம்ப்'. பெயரை நீங்களே வைக்காம 'எம்கேடெம்ப்' கட்டளைகிட்ட விட்டுடுங்க, யாரோடதோடயும் மோதாது. முடியாதுன்னா, யோசிக்கவே வேணாம்... 'ஹோம்'!

நேத்து மண்ணுல இருந்த ஈரத்தை இன்னிக்கு அளக்க முடியாது பாஸ். புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்பது நாள். காட்டுல சென்சார் மறுபடி முதல் நாள்ல இருந்து எண்ணிக்கிட்டு இருக்கு. இந்தத் தடவை 'ஹோம்'ல!