கமிஷன் மட்டுமா நியாயம்?

கம்பெனிக்கும் ஏஜென்சிக்காரனுக்கும் தகராறு என்றதும் எல்லோரும் கமிஷனைப் பற்றியே பேசுகிறார்கள். ஒரு பர்சன்ட் கூட்டிக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வான் என்பது கம்பெனியின் கணக்கு. தப்புக் கணக்கு.

நான் ஒன்பது வருஷம் சோப்பு ஸ்டாக்கிஸ்டாக இருந்தவன். கடைகளிலிருந்து திருப்பி எடுத்த சேதச் சரக்குக்கு நான் போட்ட கிளைமில் பாதியை வெட்டினார்கள். நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டேன். ‘எதுக்கு வெட்டினீங்க’ன்னு கேட்டதுக்கு, ‘இஷ்டம்னா நடத்து, இல்லேன்னா விட்டுட்டுப் போய்யா’ன்னு சொன்னாரே அதிகாரி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆக, நியாயத்துக்கு மூன்று பக்கம். எவ்வளவு கொடுத்தான்? எந்த முறையில் முடிவெடுத்தான்? மனுஷனாக நடத்தினானா? முதலாவதில் குறைந்தால் பேரம் பேசலாம். மற்ற இரண்டில் குறைந்தால் உறவே முறியும்.

மகாபீர் ஆட்டோ ஸ்டோர்ஸ் என்ற கடை 1965 முதல் 1983 வரை இந்தியன் ஆயிலிடம் மசகெண்ணெய் வாங்கி விற்றது. திடீரென்று, நோட்டீஸ்கூட இல்லாமல் சப்ளையை நிறுத்தினார்கள். அரசு நிறுவனம் வியாபாரத்திலும் தன் இஷ்டப்படி நடக்க முடியாது, அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம், 1990இல். ஆனால் அதே காலத்து அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸ் வழக்கில், ஏஜென்சியை ரத்து செய்தது தப்பு என்றாலும், ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸ் என்று எழுதியிருப்பதால் 30 நாள் வருமானம்தான் நஷ்ட ஈடு என்று முடிந்தது. வருஷக் கணக்கில் கட்டியதன் விலை முப்பது நாள்! தனியார் கம்பெனி என்றால் 14ஆம் பிரிவும் துணைக்கு வராது. அவன் அச்சடித்த ஒப்பந்தத் தாள்தான் சட்டம்.

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சிகளில் பெரும்பாலான மாநிலங்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 22.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. போராடிப் பெற்ற பங்கு அது. ஆனால் முதலுக்கு ஊர்ப் பணக்காரனிடம் கைநீட்டி நிற்கும்படி விட்டால் போர்டில் நம்ம ஆள் பேர், கல்லாவில் அவன். பங்கு கொடுத்தாச்சே, இன்னும் என்ன என்று கேட்பவர்கள் நியாயத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறவர்கள்.

வெட்டினால் காரணத்தை எழுத்தில் கொடு. முடிவுக்கு முன்னால் எங்களைக் கேள். போட்ட முதலுக்கும் உழைத்த வருஷத்துக்கும் ஏற்ற நோட்டீஸ் கொடு. இது சலுகை இல்லை. கூட்டாளி என்று நீங்கள் கூப்பிடும் வார்த்தைக்கு அர்த்தமே இதுதான்.