பாலக்காட்டில் மட்டும் நகரும் மவுஸ்

சென்னை மணலி மார்க்கெட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. எதிர்வீட்டுப் பெண்ணின் பழைய அரசு லேப்டாப்பில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் போன வாரம் அங்கே துடைத்துப் போட்டுவிட்டார்கள். அது செய்த குற்றம், டச்பேடை விரலால் தட்டினால் க்ளிக் ஆகவில்லை என்பதுதான். "லினக்ஸ்ல மவுஸ், கீபோர்டுக்கு டிரைவரே கிடைக்காதும்மா. அதெல்லாம் புரோகிராம் எழுதுறவங்க சமாச்சாரம்" என்று கடைக்கார அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, தான் காசு கொடுத்து வாங்காத விண்டோஸை ஏற்றியும் கொடுத்துவிட்டார்.

இந்த அண்ணனைக் கேரளத்துக்கு ஒரு நடை அனுப்ப வேண்டும். அங்கே 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிக் கணினிக் கூடங்களை லினக்ஸுக்கு மாற்றியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐ.டி. செய்முறைத் தேர்வையே லினக்ஸில்தான் எழுதுகிறார்கள். அவர்கள் எல்லோரும் புரோகிராம் எழுதுகிறவர்களா? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் நகரும் மவுஸ், வாளையாறுக்கு இந்தப் பக்கம் வந்தால் மட்டும் மக்கர் பண்ணுமா?

டிரைவர் தேட வேண்டுமாம்! யு.எஸ்.பி. மவுஸைச் செருகியதும் தான் இன்ன சாதனம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வேகம், ஸ்க்ரோல், டச்பேட் எல்லாவற்றையும் லிப்இன்புட் என்ற நிரல் கவனித்துக்கொள்கிறது. எக்ஸ்ஆர்க் என்ற திரை நிரலுக்கான அமைப்புக் கோப்பைக் கையால் எழுதித் திண்டாடிய காலம் மலையேறி வருஷக்கணக்காகிறது; அந்தக் காலத்துப் புலம்பலை இன்னும் நாம்தான் விடவில்லை. விரல் தெரியாமல் பட்டுக் க்ளிக் ஆகிவிடக் கூடாதே என்று, தட்டிக் க்ளிக் செய்யும் வசதியை லிப்இன்புட் பெரும்பாலும் முதலில் அணைத்து வைத்திருக்கும். செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானைத் தள்ளினால் முடிந்தது. பாலக்காட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற பொத்தான், கடை வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை.

அடுத்த பல்லவி, "தமிழ் டைப் பண்ண முடியாது". 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு நிரல்கள் வழியாக லினக்ஸில் அழகாக ஓடுகிறது. இப்படிச் சொல்கிற டைப்பிங் கடைகளில்தான் இன்றும் பழைய எழுத்துருக் குறியீட்டில் மனு அடித்துத் தருகிறார்கள்; அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டது 2010-இல். செய்தி இன்னும் மணலிக்கு வந்து சேரவில்லை போலும்.

பாஸ் என்ற லினக்ஸ் வகையைச் செய்தது இதே சென்னையிலுள்ள சி-டாக் என்ற அரசு நிறுவனம். தமிழகப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. ஆனாலும் கம்ப்யூட்டர் சென்டர்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி எம்.எஸ். ஆபீஸை மட்டும் சொல்லிக்கொடுத்து, "கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்று சான்றிதழ் நீட்டுகின்றன. சுத்திகரிப்பு ஆலையிலும் உரத் தொழிற்சாலையிலும் பம்பையும் வால்வையும் பிரித்து மாட்டுகிறவர்கள் வாழும் ஊர் மணலி. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் பயப்பட வைத்திருக்கிறோம்.

"டிரைவர் இல்லை" என்று யாராவது சொன்னால், ஃபார்மேட் செய்யும் முன் செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கத் தெரியாதவருக்கு ஐந்நூறு ரூபாய் அழாதீர்கள்.