மில் சுவர் நிற்கும்போதே மாற்றுங்கள்: கோவை மக்களின் கோரிக்கைச் சாசனம்

கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அவற்றுள் ஒன்று 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில். ஊரடங்கு முடிந்த பிறகும் மில்கள் முன்போல ஓடவில்லை. இவை பொதுச்சொத்து. மத்திய ஜவுளி அமைச்சகமும் தமிழ்நாடு அரசும் செய்ய வேண்டியவை இவை:

1. எந்த மில் ஓடும், எந்த மில் ஓடாது என்பதை 60 நாளில் அறிவிக்க வேண்டும். ஓடக்கூடியதை ஓட்டுங்கள். ஓடாது என்று முடிவானால், அந்தக் கட்டடத்தை அரசின் உயர்பாதுகாப்புத் தரவு மையமாக மாற்றுங்கள். நம் பட்டாவும் ஓய்வூதியக் கணக்கும் கணினிக்குப் போய்விட்டன. அவற்றுக்குக் காவலுள்ள இடம் வேண்டும்.

2. கட்டட வேலை தொடங்கும் முன் தொழிலாளரின் சம்பள பாக்கியையும் பணிக்கொடையையும் தீர்க்க வேண்டும். வயது ஏறுகிறது, வாங்க வேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பணம் கைக்கு வர வேண்டும்.

3. கட்டடத்தை இடிக்கக் கூடாது. சிகாகோவில் 1912 முதல் 1929 வரை கட்டிய டானலி அச்சகம் 1999-ல் தரவு மையமானது. அச்சு இயந்திரங்களைத் தாங்கிய தளம் சர்வர்களையும் தாங்கியது. நம் மில்லின் தளத்தையும் தூண்களையும் பொறியாளர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும். கூரை ஒழுகும் ஒவ்வொரு ஆண்டும் செலவு கூடுகிறது.

4. செங்கல் முகப்பும் புகைபோக்கியும் தெருவிலிருந்து தெரிய வேண்டும். காவல் அடுக்குகளை உள்ளே அமைக்கலாம். முகப்பைத் தகரத்தால் மறைக்கத் தேவையில்லை. வரைபடம் இறுதியாகும் முன் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

5. சர்வர்களைக் குளிர்விக்கச் சிறுவாணிக் குடிநீரில் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையைத் தரவு மையமாக்கிய கூகுள், ஆலையின் பழைய சுரங்கம் வழியே கடல்நீரை எடுத்துக் குளிர்விக்கிறது. நமக்கு உக்கடத்தில் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறது. அதற்கான குழாய் முதல் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

6. மின்தடைக்கு வைக்கும் டீசல் ஜெனரேட்டர்களைக் குடியிருப்புப் பக்கம் வைக்கக் கூடாது. சோதனை ஓட்டம் பகலில் மட்டும் நடக்கட்டும். புகை, இரைச்சல் அளவுகளை மாதந்தோறும் வாயிலில் எழுதி வைக்க வேண்டும். இவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்ப்பது நடப்பதில்லை.

7. தரவு மையத்தில் பஞ்சாலை அளவுக்கு ஆள் தேவைப்படாது. ஆகவே இருக்கும் காவல், மின்சாரம், குளிரூட்டல் வேலைகளில் மில் குடும்பங்களுக்கே முதல் உரிமை. கோவை ஐடிஐயில் அதற்கான பயிற்சியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

8. நிலத்தை விற்கக் கூடாது. தனியார் நடத்தினாலும் குத்தகைதான். அதன் நிபந்தனைகள் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. கட்டடம் இருக்கிறது, நிலம் அரசிடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். தாமதத்துக்கு மட்டுமே காரணம் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தேதியிட்ட பதில் 60 நாளில், எழுத்தில், தமிழில் வர வேண்டும்.