எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டார்களா?

குறைந்தது பத்து சான்று வேண்டும், இருபது பக்கம் வேண்டும், ஸ்பைரல் பைண்டிங் வேண்டும், முதல் பக்கத்தில் நன்றியுரை வேண்டும். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவு இவ்வளவுதான். சான்று என்றால் என்ன, எங்கே போய்த் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரே ஒரு பீரியட் எடுத்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். சிபிஎஸ்இ பிளஸ் டூ வரலாற்றில் நூற்றுக்கு 20 மதிப்பெண் இந்த ப்ராஜெக்ட்டுக்கு. பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து எழுதுகிறார்கள். அதை உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

என் மகள் எடுத்துக்கொண்டது தாது வருஷப் பஞ்சம். சாப்பாட்டைக் கண்டதும் பாய்கிறவனை அந்தப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்வார்கள். அது வெறும் பேச்சு இல்லை, 1876 முதல் 1878 வரை நடந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பறக்கும் ரயிலில் போகும்போது கீழே நாறிக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தினமும் தாண்டிப் போகிற சாக்கடையைப் பட்டினி கிடந்தவர்கள் வெட்டினார்கள் என்று படித்த நாளிலிருந்து அவள் அந்த விஷயத்தை விடவில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர் என்று இணையத்தில் தேடினாள். ஒரு தளத்தில் 55 லட்சம். இன்னொன்றில் ஒரு கோடிக்கும் மேல். எங்கிருந்து எடுத்தோம் என்று இரண்டிலும் குறிப்பு இல்லை. ஒரே பத்தி, அதே எழுத்துப்பிழையோடு, ஐந்தாறு தளங்களில் இருக்கிறது. அதை ஐந்தாறு சான்று என்று கணக்குக் காட்டலாம். வகுப்பில் பலர் காட்டினார்கள்.

இவள் மூலத்தைத் தேடிப் போனாள். அந்தக் காலத்தில் இங்கே மெட்ராஸ் டைம்ஸ் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தைப் பற்றி 1878இல் இரண்டு பாகமாக எழுதிய புத்தகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ். அகராதியும் கையுமாக உட்கார்ந்தாள். செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கூட ஓர் அணாவும் போதும் என்று கூலியை வெட்டிய இடத்துக்கு வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போனாள். தராசில் 450 கிராம் அரிசியை அளந்து தட்டில் கொட்டி, "நாள் முழுக்க மண்ணு வெட்டுறவனுக்கு இதுதானாம்மா? இவன் வீட்ல இருக்கிறவங்களுக்கு?" என்று கேட்டாள். இந்தக் கூலி உயிர் வாழப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதியதையும் தேடிப் பிடித்துப் படித்தாள்.

செத்தவர் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதற்கும் வழி கிடைத்தது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதியை மட்டும் எண்ணினால் ஒரு தொகை. மைசூர், ஐதராபாத் போன்ற சமஸ்தானங்களையும் சேர்த்தால் வேறு. காலராவில் போனவர்களைப் பஞ்சக் கணக்கில் வைப்பதா வேண்டாமா என்பது இன்னொரு சிக்கல். 1871 கணக்கெடுப்பைவிட 1881இல் சென்னை மாகாணத்தின் ஜனத்தொகையே குறைந்திருக்கிறது. இதையெல்லாம் வைத்து அரைப் பக்கம் எழுதினாள். அந்த அறிக்கையிலேயே உருப்படியான அரைப் பக்கம் அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"ஏதாவது ஒரு நம்பரைப் போடும்மா. எக்ஸ்டர்னல் வந்தா குழம்பிடுவாங்க" என்றார் ஆசிரியை. அரைப் பக்கமும் அடிபட்டது. சான்று ஏழுதான் இருந்ததால் மதிப்பெண்ணிலும் கை வைத்தார்கள்.

இன்னொரு பிள்ளையின் அறிக்கைக்கு முழு மதிப்பெண். அதன் பட்டியலில் இருந்த ஒரு புத்தகத்தைப் படிக்கலாமே என்று தேடினேன். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கிறது. புத்தகம்தான் உலகத்திலேயே இல்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்ததை அந்தப் பிள்ளை அப்படியே ஒட்டியிருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து கேட்டார்கள், பத்து கொடுத்தது. நாற்பது ப்ராஜெக்ட்டை ஒரே வாரத்தில் திருத்தச் சொன்னால் அந்த ஆசிரியைதான் என்ன செய்வார்? போர்ஷன் வேறு முடிக்க வேண்டும்.

பள்ளியில் நூலகம் இருக்கிறது, பூட்டிய கண்ணாடி பீரோவில். லைப்ரரி பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டு வெகு காலம் ஆயிற்று. இந்த மாநிலத்தில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். இன்றைக்கும் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1896இல் திறந்த கன்னிமாரா, எழும்பூரில் ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூலகம், எல்லாம் இதே ஊரில்தான். வருஷா வருஷம் தீம் பார்க்குக்கு பஸ் பிடிக்கிற பள்ளிக்கு, ஒரு நாள் கன்னிமாராவுக்கு அழைத்துப் போய் ஒரு பழைய புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஏன் தோன்றவில்லை?

வைவாவுக்கு வருகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பட்டியலை எண்ணாதீர்கள். அதில் ஏதாவது ஒன்றின் மேல் விரலை வைத்து, இதில் எந்தப் பக்கம் படித்தாய், என்ன போட்டிருந்தது என்று கேளுங்கள். படித்த பிள்ளை நிறுத்தாமல் பேசும். டெம்பிளைப் பற்றியும் கார்னிஷைப் பற்றியும் என் மகள் பேசத் தயாராகப் போனாள். அட்டையில் பள்ளி முத்திரை ஏன் இல்லை என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.