தண்ணீருக்கு நிலப்பட்டா தெரியாது

கிள்ளான் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. இங்கே மண் எப்படித் தீப்பிடிக்கிறது?" வெயில் காலத்தில் ஜொஹான் செத்தியா பக்கம் புகை கிளம்பினால், சன்னல்களைச் சாத்திப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறதாம்.

பதில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது.

கிள்ளான், பந்திங், டிங்கில் வட்டாரங்களின் கடலோரச் சமவெளியில் பல இடங்களில் இருப்பது மலாயில் 'தானா காம்புட்' எனப்படும் மக்கு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலை, கிளை, வேர் எல்லாம் தண்ணீரில் ஊறியபடியே கிடந்ததால் முழுதாக மக்காமல் சேர்ந்துவிட்ட மண் இது. இயல்பான நிலையில் இதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். செம்பனையோ காய்கறியோ நட வேண்டுமானால் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். வடித்தால் மேல்மண் காய்கிறது. காற்றுப்பட்டு மக்கி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அமுங்குகிறது. அப்போது ஒரு சிறு நெருப்பு போதும், அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். பயிர் செய்யும் மக்கு நிலத்தில்கூட நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்று இந்தோனேசிய அரசு விதி வகுத்தது இதனால்தான்.

எந்த வாய்க்காலை எவ்வளவு ஆழம் வெட்டினால், எந்த இடத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்? என் தாத்தா தலைமுறையினர் கடலோரத் தோட்டங்களில், அலை ஏறும்போது மதகை மூடி, இறங்கும்போது திறந்து, அனுபவத்தால் இந்தக் கணக்கைப் போட்டார்கள். தோட்டம், தொழிற்சாலை, வீடமைப்பு என்று எல்லாம் நெருங்கிவிட்ட இன்று, அதற்குக் கணினி தேவைப்படுகிறது.

கணினி மாதிரி என்றதும் மிரள வேண்டாம். வீட்டு வரவு செலவுக் கணக்குதான். மழை வரவு. செடிகள் உறிஞ்சுவது, ஆவியாவது, வாய்க்காலில் ஓடுவது, குழாய்க் கிணற்றில் எடுப்பது எல்லாம் செலவு. மிச்சம் நிலத்தடியில் நிற்கிறது. நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு எழுதுகிறார்கள். பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு நீர் நகரும் என்பதைச் சொல்வது, பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டுப் பார்த்து 1856இல் வெளியிட்ட விதி. அந்த விதியை வைத்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் உருவாக்கிய 'மோட்ஃபுளோ' 1984இல் வந்தது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது.

டிங்கில் அருகே இருக்கும் பாயா இண்டா ஈரநிலத்துக்குப் பலர் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். பழைய ஈயக் குட்டைகள்தாம் இன்று பறவைகள் வாழும் ஏரிகளாகியிருக்கின்றன. அந்த ஈரநிலத்தின் நீர்க்கணக்கை 'மைக் ஷீ' என்ற மென்பொருளில் உருவாக்கி, ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். ஏரியின் கணக்கு ஏரிக்கரையோடு முடிவதில்லை. சுற்றியுள்ள கால்வாயும் மண்ணடி நீரும் அதே கணக்கில் வருகின்றன.

அதனால்தான், மாதிரியின் எல்லையை எங்கே போடுவது என்பதையே ஆகப் பெரிய முடிவாக நான் கருதுகிறேன். ஒரு திட்டத்துக்கான கணக்கை அதன் வேலியோடு நிறுத்திவிட்டால், விடை அழகாக வரும். வேலிக்கு அப்பால் காடு காய்வது அதில் தெரியாது. தண்ணீர் நிலப்பட்டாவைப் பார்த்து நகர்வதில்லையே!

கடலோரத்தில் இதன் விலை இன்னும் அதிகம். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழே சுமார் 20 மீட்டர் போய்விடும். பம்பு போட்டவர் ஒருவராக இருப்பார். கிணறு உப்புக் கரிப்பது இன்னொருவருக்கு. ஏறிய உப்பு வெளியேறப் பல ஆண்டுகள் ஆகலாம். வெட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. திரையில் முதலில் ஓட்டிப் பார்ப்பதே மலிவு.

2021இல் கோலலங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட பகுதி காப்புத் தகுதியை இழந்த செய்தி வந்தது. அங்குள்ள ஓராங் அஸ்லி மக்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது. கேட்கிறவர்கள் இருந்தால் பதில் மாறுகிறது.

கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கும் அல்ல. அளவைக் குழாயில் வெயிலிலும் மழையிலும் நீர்மட்டம் பார்த்துக் குறித்துவரும் பணியாளரின் எண்கள் இல்லாவிட்டால், அது வண்ணப்படம் போடும் இயந்திரம் மட்டுமே. பொறியியல், புவியியல், கணினி படிக்கும் நம் இளையோருக்கு இங்கே வேலை இருக்கிறது.

பெரிய திட்டங்கள் பலவற்றின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைகளைச் சுற்றுச்சூழல் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது, கருத்தும் கேட்கிறது. உங்கள் வட்டாரத்து அறிக்கை வந்தால் நிலத்தடி நீர்ப் பகுதியைத் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எல்லையை எங்கே போட்டிருக்கிறார்கள்? எத்தனை ஆண்டு அளவீட்டோடு ஒப்பிட்டார்கள்? மழை குறைந்த ஆண்டுக்கும் ஓட்டிப் பார்த்தார்களா? விடை இல்லையென்றால், அதையே உங்கள் கருத்தாக எழுதி அனுப்புங்கள்.