சுழியை மட்டும் நம்பலாமா?

புதைபடிவச் சங்கைக் கண்டதும் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்துப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. நம் வீடுகளில் பூசைக்கு வைக்கும் வலம்புரி தனி இனமே அல்ல. இடம்புரிச் சங்கின் இனத்திலேயே அபூர்வமாகப் பிறழ்ந்து பிறந்த ஒன்று. (விலை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) ஆனால் இங்கிலாந்தின் எஸெக்ஸ் கரையில், வால்டன் பக்கத்துச் செம்மணல் படிவில், 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய நெப்டூனியா சங்குகளில் ஓர் இனத்துக்கு வலம்புரிச் சுழற்சியே இயல்பு. அதே படிவில் எதிர்ப்பக்கம் சுழலும் அதன் உறவினங்களும் கிடைக்கின்றன. ஆக, சுழி ஓரிடத்தில் இன அடையாளம், இன்னோரிடத்தில் வெறும் விபத்து. ஆகவே வாயின் வடிவம், அதன் கீழே நீளும் குழல், சுற்றுகளின் தோள், மேலோடும் வரிகள், நுனியில் மிஞ்சியிருக்கும் குஞ்சுப் பருவ ஓடு என எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அலையில் உருண்ட ஓட்டில் முதலில் தேய்வது வரிகள். உடைவது நுனியும் வாய் விளிம்பும். அப்படிப்பட்டதற்குப் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஓடு கரைந்துபோய், உள்ளே இறுகிய மண்ணச்சு மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவும்கூடச் சந்தேகம்தான்.