உம்மாவின் வீடு



சீதனத்தைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியவன் நான். இம்மாதம் சீதனமாக வந்த ஒரு வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். முரண்பாடு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது அந்த வீடு. ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, பக்கத்து வீட்டாரோடு பங்குக் கிணறு. உம்மாவின் நிகாஹ்வின்போது அவரது வாப்பா எழுதிக் கொடுத்தது. எங்கள் வாப்பா அங்கே மாப்பிள்ளையாக வந்தவர். அந்த வீட்டுக்குள் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

மதிலில் ஒரு சின்னக் கதவு இருந்தது. பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வருவதற்கு. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு கஞ்சிக் கோப்பைகள் அதனால்தான் போகும், வரும். இரவல் வாங்கிய கொத்து அரிசி, யாருக்குச் சுகமில்லை, யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள் என்ற செய்தி, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. மூத்தம்மா வெற்றிலைத் தட்டத்துடன் அந்தப் படியில்தான் இருப்பார். எங்களை ஏசுவதும் அங்கிருந்துதான்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்கு ஒன்பது வயது. இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். உம்மா அப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டிருந்தார். அதை வடித்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். முஸ்ஹபை எடுத்தவர், காணி உறுதி இருந்த பெட்டியை எடுக்கவில்லை. இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்றுதானே எல்லோரும் நினைத்தோம்! புத்தளத்தில் ஓலைக் குடிசை. தங்கச்சி பிறந்தது அதற்குள்தான்.

ஏ9 பாதை திறந்த 2002ஆம் ஆண்டு உம்மாவோடு போனேன். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. மண்டபத்துக்குள் வேம்பு வளர்ந்து நின்றது. குசினி எதுவென்று எனக்கு மட்டுப்படவில்லை. அம்மிக் கல்லை வைத்து உம்மாதான் கண்டுபிடித்தார்.

உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது ஒருவர் அந்தக் காணிக்கு விலை கேட்டிருக்கிறார். நானா விற்கலாம் என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புத்தளத்தில் அவரது வீடு பாதியில் நிற்கிறது, குமர்ப்பிள்ளையும் இருக்கிறாள். உம்மாவோ, “அது பொம்புளப் புள்ளைக்குள்ள வீடு மகன். எனக்கு எப்படி வந்ததோ அப்படியே போகட்டும்” என்கிறார்.

வாரிசுரிமைப் பாடத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று கரும்பலகையில் பங்கு பிரித்துக் காட்டுபவன் நான். ஆனால், சகோதரிகளே, அது மரணத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு. உம்மா உயிரோடு இருக்கும்போது அதில் எனக்கோ நானாவுக்கோ ஓர் அங்குலமும் கிடையாது. விற்பதும் கொடுப்பதும் அவர் விருப்பம். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதானால் மற்றப் பிள்ளைகளின் மனப்பொருத்தம் வேண்டும் என்றும் அதே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். என் பொருத்தத்தை உம்மாவிடம் சொல்லிவிட்டேன். நானா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சி கேட்டாள்: “அந்தச் சின்னக் கதவு எந்தப் பக்கம் நானா இருந்திச்சி?”

கிணற்றடிக்கு வலது பக்கமா, இடது பக்கமா? எனக்கு நினைவு வரவில்லை. உம்மா நித்திரை. மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்தோம்.

“இடது பக்கம். படி உயரம், நிலை பதிவு. குனியாமப் போனா தலையில அடிக்கும்” என்றார் நானா. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் புள்ளைய ஒருக்கா கூட்டிக்கொண்டு போய்க் காட்டு” என்றார்.

பள்ளிக்கூட விடுமுறைக்குப் போவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.